சிட்ரிக் காசு என்று வாங்கியது யாருடைய காசு? அயர்லாந்தின் இடைக்கால நாணயங்களை மதிப்பிடுவது பற்றி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக டப்ளின் வந்து நாலு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் 350 யூரோ கொடுத்து ஒரு வெள்ளிக்காசு வாங்கினீர்கள். விற்றவர் அதை "டப்ளினை ஆண்ட வைக்கிங் மன்னர் சிட்ரிக் அடித்த பென்னி, கி.பி. 1000 வாக்கில்" என்றார். எடை 0.94 கிராம். ஒரு பக்கம் இடப்புறம் பார்க்கும் தலை, மறுபக்கம் விளிம்புவரை நீளும் சிலுவை, சிலுவை பிரிக்கும் நாலு கட்டங்களில் எதிரெதிரான இரண்டில் மட்டும் குச்சிகுச்சியாக ஏதோ இருக்கிறது. சுற்றியுள்ள எழுத்து எதையும் வாசிக்க முடியவில்லை. இது அரிதா, என்ன விலை பெறும், இதே போல இன்னும் சேர்க்கலாமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: விற்றவர் சொன்ன பெயரை நம்பலாமா? இடைக்கால அயர்லாந்துக் காசுகளில் விலையை முடிவு செய்வது வெள்ளியோ வயதோ அல்ல, அந்தப் பெயர்தான். பெயர் ஒரு படி மாறினால் விலை நாலைந்து மடங்கு மாறும்.

இங்கிலாந்தில் ஓர் ஏல நிறுவனத்தின் நாணயப் பிரிவில் பதினாலு வருடம் பட்டியல் எழுதும் வேலை பார்த்தேன். அயர்லாந்துக் காசுகள் என் மேசைக்குத்தான் வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் விவரித்த வகை எனக்கு நன்றாகத் தெரியும். அது டப்ளின் காசுதான். ஆனால் கி.பி. 1000 இல்லை, சிட்ரிக் காசு என்று அதைச் சொல்வதும் சரியில்லை. ஏறத்தாழ 1035 முதல் 1060 வரை அடிக்கப்பட்ட வகை அது. நீங்கள் குச்சி என்று சொன்னது கை. விரல்களை விரித்த மனிதக் கையைச் சில கோடுகளில் காட்டியிருக்கிறார்கள். எடையும் அந்த வகைக்குப் பொருந்துகிறது. வகை இன்னது என்பதை உங்கள் விவரிப்பை வைத்தே உறுதியாகச் சொல்லலாம். உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட வில்லை அசலா, உருக்கி ஊற்றிச் செய்த போலி வார்ப்பா என்பதைக் காசைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிட்ரிக் பெயர் எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 'பட்டுத்தாடி' சிட்ரிக் 989இல் டப்ளினின் அரசரானவர். அதுவரை அயர்லாந்தில் யாரும் நாணயம் அடித்ததில்லை. வெள்ளியை எடை போட்டு, வெட்டி, துண்டுகளாகக் கொடுத்து வாங்கினார்கள். பசுவை அலகாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். டப்ளின் ஒரு துறைமுகச் சந்தை. இங்கிலாந்தோடு நடந்த வியாபாரத்தில் எதெல்ரெட் மன்னரின் வெள்ளிப் பென்னிகள் குவிந்தன. 995ஐ ஒட்டி, அந்தப் பென்னியையே பார்த்து டப்ளினில் சொந்தமாக அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல காசு ஒன்றில் "சிட்ரிக் ரெக்ஸ் டிஃப்லின்" என்று ஓடும் எழுத்து, டப்ளினின் அரசர் சிட்ரிக். பின்பக்கம் காசு அடிக்கும் பொறுப்பாளர் பெயரும் ஊரும் வரும். ஃபேரமின் என்ற பெயரைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். இதே சிட்ரிக்தான் 1014இல் டப்ளினுக்கு அருகே நடந்த குளோன்டார்ஃப் போரின்போது நகரத்தைத் தன் கையில் வைத்திருந்தவர், பிறகு ரோமுக்கு யாத்திரை போய் வந்து கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்துக்கு நிலமும் பொருளும் கொடுத்தவர். 1036இல் ஆட்சியை இழந்தார், 1042இல் இறந்தார். உங்கள் காசு அடிக்கப்பட்ட காலத்தோடு இந்த வருடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் ஆட்சியின் கடைசி வாசலில் தொடங்கி, அவர் போன பிறகும் இருபது வருடத்துக்கு மேல் நீளும் வகை அது.

இந்தக் காசுகளை ஏழு காலகட்டங்களாகப் பிரிக்கும் முறையை 1966இல் நாணய ஆய்வாளர் மைக்கேல் டாலி வகுத்தார். இன்றும் ஏலப் பட்டியல்களில் "முதல் கட்டம்", "மூன்றாம் கட்டம்" என்று வருவது அதுதான். முதல் கட்டம் ஆங்கிலப் பென்னியின் நேரடி நகல், 1020 வரை. இரண்டாம் கட்டம் நீண்ட சிலுவை வகையை மட்டும் பிடித்துக்கொண்டு, எழுத்தை ஓரளவு வாசிக்கும்படி வைத்து, எடையை மெல்ல மெல்லக் குறைத்தது. மூன்றாம் கட்டத்துக்கு வந்ததும் எழுத்து சரிந்துவிடுகிறது. காசைப் பதிக்கும் அச்சை வெட்டியவருக்கு எழுத்துத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிய வேண்டிய அவசியமில்லை. ஐந்தாறு நிமிர்ந்த கோடு, ஒரு வட்டம், மறுபடி கோடுகள். உங்களால் வாசிக்க முடியாமல் போனது உங்கள் குறை அல்ல. அங்கே வாசிக்க எதுவுமில்லை. அதற்குப் பிறகு வந்த நாலு கட்டங்களில் தலை பொம்மையாகி, எடை தேய்ந்து, கடைசியில் 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒரு பக்கம் மட்டும் பதியும் மெல்லிய தகடாக வந்து நிற்கிறது. அந்தத் தகட்டுக் காசை விரல் நுனியில் வைத்தால் எடையே தெரியாது. மூச்சு பலமாக விட்டால் மேசையை விட்டுப் பறந்துவிடும்.

மூன்றாம் கட்டத்துக் காசைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கையிலேயே இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பாருங்கள். தலைமுடி சீப்பின் பற்கள் போலத் தனித்தனிக் கோடுகளாக நிற்கும். கண் ஒரு புள்ளி, சில அச்சுகளில் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம். கழுத்துக்குப் பின்னால் சிறு சிலுவையோ புள்ளிகளோ இருக்கலாம். இந்தச் சிறு அடையாளங்கள் அச்சுக்கு அச்சு மாறும். சேகரிப்பவர்கள் ஒரே வகையில் பல காசு வாங்குவதே இவற்றுக்காகத்தான். பின்பக்கத்துக் கை ஏன் வந்தது என்பது இன்னும் தீராத விவாதம். எதெல்ரெட்டின் ஒரு காசு வகையில் வானிலிருந்து நீளும் கடவுளின் கை உண்டு; அதன் நினைவு என்று சிலர் சொல்கிறார்கள். அச்சுக்கூடத்தின் அடையாளக் குறி என்று வேறு சிலர். யாராவது ஒரு விளக்கத்தை உறுதியாகச் சொல்லி, அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

விற்றவர் ஏமாற்றினாரா என்று கேட்டால், அப்படி நான் சொல்ல மாட்டேன். ஐரிஷ் கடைக்காரர்கள் பலர் வைக்கிங் காலத்து டப்ளின் காசு எல்லாவற்றையும் பொதுப்பேச்சில் "சிட்ரிக் பென்னி" என்றே சொல்கிறார்கள். பேச்சில் அது சரி. ரசீதில் அப்படி எழுதி, முதல் கட்டத்துக் காசின் விலையைக் கேட்டால்தான் அது தவறு. அவர் உங்களிடம் கேட்டது மூன்றாம் கட்டத்துக் காசின் விலை. தலை நன்றாகப் பதிந்து, உடையாமல், வளையாமல் இருக்கும் மூன்றாம் கட்டத்துப் பென்னி நான் பார்த்த ஏலங்களில் 200 முதல் 400 யூரோ வரை போனது. தலை மழுங்கியோ விளிம்பு உடைந்தோ இருந்தால் அதில் பாதி. அந்தக் கணக்கில் 350 என்பது கடைவிலையாகக் கொஞ்சம் மேல்பக்கம், அநியாயம் இல்லை.

பெயர் விஷயத்தில் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு பழைய வீட்டுச் சேகரிப்பிலிருந்து வந்த எதெல்ரெட் பென்னிகளைப் பட்டியலிட்டேன். அதில் ஒன்றில் எதெல்ரெட் பெயர் தெளிவாக இருந்தது, பின்பக்கம் ஓர் ஆங்கில ஊரின் பெயர். ஆங்கிலப் பென்னி என்று எழுதி, ஆரம்ப மதிப்பு 250 பவுண்டு போட்டேன். முகத்தின் வேலைப்பாடு கொஞ்சம் முரடாக இருப்பது கண்ணில் பட்டது, அவசரத்தில் தாண்டிவிட்டேன். அந்தக் காசு எட்டு மடங்குக்கு மேல் ஏறியது. வாங்கியவர் பிறகு எனக்கு விளக்கினார்: தலைப்பக்க அச்சு, சிட்ரிக் பெயர் உள்ள வேறொரு காசின் பின்பக்க அச்சோடு சேர்த்து அடிக்கப்பட்டதற்கு வெளியிடப்பட்ட சான்று இருக்கிறது. அதாவது டப்ளினில் அடித்த காசு, ஆங்கில அரசர் பெயரோடும் ஆங்கில ஊர்ப் பெயரோடும். முதல் கட்டத்தில் இது சாதாரணம். சிட்ரிக் பெயரும் டப்ளினும் சேர்ந்து வரும், எதெல்ரெட் பெயரும் டப்ளினும் வரும், சிட்ரிக் பெயரும் ஆங்கில ஊரும் வரும், இரண்டுமே அர்த்தமில்லாத எழுத்தாகவும் வரும். அன்றைக்கு விற்றவருக்கு நல்ல விலை கிடைத்தது என்பதால் யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏலத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்ததால் மட்டுமே அது நடந்தது. ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்னால் பெரிய நஷ்டம். அதிலிருந்து, காசில் எழுதியிருப்பதை வாசிப்பது பாதி வேலை, அதன் அச்சை அடையாளம் காண்பது மீதிப் பாதி என்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் வைக்கிங் காலத்தோடு நிற்க வேண்டியதில்லை. இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் 1169இல் வந்திறங்கிய பிறகு இன்னொரு வரலாறு தொடங்குகிறது. புதிதாகச் சேர்ப்பவருக்கு அது இன்னும் தோதானது என்பது என் எண்ணம், காரணம் எழுத்தை வாசிக்கலாம். ஆங்கில அரசர் இரண்டாம் ஹென்றி 1185இல் தன் கடைக்குட்டி மகன் ஜானை அயர்லாந்தின் பிரபுவாக அனுப்பினார். அவர் பெயரில் 1190களில் அரைப் பென்னி பெருமளவில் அடிக்கப்பட்டது. உருண்டை முகம் நேராக நம்மைப் பார்க்கும். டப்ளினில் அடித்தவற்றில் நார்மன் (இங்கே அது ஓர் ஆளின் பெயர்), ஆடம் போன்ற பொறுப்பாளர்களின் பெயர்கள் இருக்கும், அவை தாராளமாகக் கிடைக்கின்றன. அதே முகம், அதே எடை, ஆனால் ஊர் லிமெரிக் என்றோ கில்கென்னி என்றோ காரிக்ஃபெர்கஸ் என்றோ இருந்துவிட்டால் விலை வேறு. ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குச் சில்லறைத் தட்டுகளில் இன்னும் அதிர்ஷ்டம் காத்திருக்கிறது.

இந்தக் காலத்துக் காசுகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஒரு ஃபார்திங், கால் பென்னி. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். ஜான் டி கூர்சி என்ற நார்மன் வீரர் 1177இல் வடக்கிலுள்ள அல்ஸ்டருக்குள் புகுந்து, அரசரைக் கேட்காமலே அதைத் தன் நாடுபோல ஆண்டார். அங்குள்ள டவுன்பாட்ரிக்கில், அயர்லாந்தின் காவல் புனிதரான பாட்ரிக்கின் எலும்புகள் கிடைத்ததாகச் சொல்லி 1185ஐ ஒட்டிப் பெரும் விழா எடுத்து மறு அடக்கம் செய்தார். அவர் அடித்த ஃபார்திங்கில் அரசர் பெயர் இல்லை. பாட்ரிக் பெயர் இருக்கிறது. சிலவற்றில் மறுபக்கம் டி கூர்சி தன் பெயரையே போட்டிருக்கிறார். அரசரின் உரிமையான நாணயத்தில் அரசரை விட்டுவிட்டு ஊர்த் தெய்வத்தை வைப்பது எத்தனை பெரிய துணிச்சல் என்று அந்தக் கால் கிராம் வெள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். 1205க்குள் அவரை அல்ஸ்டரிலிருந்து விரட்டிவிட்டார்கள். காசு சில ஆயிரம் யூரோ பெறும், அதுவும் நல்ல நிலையில் வந்தால்.

ஜான் அரசரான பிறகு, 1207ஐ ஒட்டி வந்த பென்னியில் அரசரின் தலை ஒரு முக்கோணத்துக்குள் இருக்கும். ஆங்கிலப் பென்னியில் அது வட்டத்துக்குள் இருக்கும். எழுத்துத் தெரியாத வியாபாரியும் ஒரு பார்வையில் எது எந்த நாட்டுக்காசு என்று சொல்லிவிடலாம். இந்த முக்கோணம் மூன்றாம் ஹென்றி 1251 முதல் 1254 வரை டப்ளினில் அடித்த பென்னிகளிலும், முதலாம் எட்வர்டு 1279 முதல் அடித்தவற்றிலும் தொடர்ந்தது. முக்கோணம் யாழைக் குறிக்கிறது என்று சுற்றுலாக் கடைகளில் சொல்வார்கள். ஹார்ப் எனும் யாழ் அயர்லாந்துக் காசில் உறுதியாக வருவது எட்டாம் ஹென்றி காலத்தில், 1534இல். அதற்கு முன்னூறு வருடத்துக்கு முந்திய முக்கோணத்தில் யாழைப் பார்ப்பது ஊகம் மட்டுமே.

மூன்றாம் ஹென்றியின் பென்னியில் ரிக்கார்ட், டேவி என்ற இரண்டே பொறுப்பாளர்கள். அந்தக் காசுகளில் பெரும் பங்கு அயர்லாந்தில் தங்கவில்லை. அரசரின் தேவைக்காக வெளியே ஏற்றப்பட்டது. 1908இல் பிரசெல்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேல் காசுகளோடு கிடைத்த பெரும் புதையலில் இவையும் இருந்தன. அதனால்தான் 770 வருடத்துப் பழைய காசு இன்றும் நூற்றுக் கணக்கில் நல்ல நிலையில் கிடைக்கிறது. முதலாம் எட்வர்டின் டப்ளின், வாட்டர்ஃபோர்டு பென்னிகளும் அப்படித்தான், சாதாரண நிலையில் நூறு யூரோவை ஒட்டி வாங்கிவிடலாம். அதே அரசரின் கார்க் நகரத்துப் பென்னி என்றால் பல மடங்கு. மூன்றாம் எட்வர்டின் அரைப் பென்னியை நான் பதினாலு வருடத்தில் ஒருமுறைகூட விற்பனைக்குப் பார்க்கவில்லை. ஒருவர் உங்களிடம் சாதாரணமாக நீட்டினால் காசைப் பார்க்கும் முன் அவரைப் பாருங்கள்.

15ஆம் நூற்றாண்டுக்குள் இங்கே விரிவாகப் போகவில்லை, அது தனிக் காடு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1460இல் டிராகெடாவில் கூடிய ஐரிஷ் நாடாளுமன்றம் அயர்லாந்துக்கு என்று தனி நாணயம், அதுவும் இங்கிலாந்தின் எடையைவிடக் குறைவாக, அடிக்கத் தீர்மானித்தது. நாலு பென்னி மதிப்புள்ள குரோட் இங்கிலாந்தில் 3.9 கிராம், அயர்லாந்தில் 2.9 கிராம். வெள்ளி நாட்டைவிட்டு ஓடாமல் இருக்க அது ஒரு வேலி. அந்த முதல் குரோட்டில் எந்த அரசரின் பெயரும் முகமும் இல்லை, வெறும் கிரீடம். அதற்குப் பிறகு நாலாம் எட்வர்டு காலத்தில் டப்ளின், டிராகெடா, டிரிம், வாட்டர்ஃபோர்டு, லிமெரிக், கார்க், கால்வே, வெக்ஸ்ஃபோர்டு என்று பல ஊர்களில் வேலை நடந்தது. எடையும் வடிவமும் சில வருடத்துக்கு ஒருமுறை மாறின. இவற்றில் பெரும்பாலானவை விளிம்பு வெட்டப்பட்டே கிடைக்கின்றன, வெட்டில் முதலில் போவது ஊர்ப்பெயர். அப்போதுதான் சிறு குறிகள் கைகொடுக்கும். லிமெரிக் குரோட்டில் அரசரின் மார்பில் ஓர் எல் எழுத்து இருக்கும். விளிம்பே இல்லாமல் போனாலும் அந்த ஓர் எழுத்து ஊரைச் சொல்லிவிடும்.

இப்போது "அரிது" என்ற சொல்லுக்கு வருகிறேன். என்னிடம் மதிப்புக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் இதில்தான் சறுக்குவார்கள். ஒரு காசு உலகத்தில் ஆறுதான் இருக்கிறது என்பது அரிது. அந்த ஆறைத் தேடுபவர் பத்துப் பேர் இருந்தால்தான் விலை. மூன்றாம் கட்டத்துக் காசில் ஏதோ ஓர் அச்சு வேறுபாடு இரண்டே தெரிந்திருக்கலாம். அதைத் தேடும் ஆள் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். இன்னொரு பக்கம், ஃபேரமின் பெயரோடு வரும் சிட்ரிக் பென்னி அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. ஆனால் அயர்லாந்தின் முதல் காசு என்பதால் நாணயமே சேர்க்காதவரும் ஒன்று வேண்டும் என்கிறார். டப்ளின் பெயரும் சிட்ரிக் பெயரும் முழுதாக வாசிக்க முடிகிற காசு ஆயிரம் யூரோவுக்கு மேல் தொடங்கி, நிலையைப் பொறுத்து அதன் பல மடங்குக்குப் போகிறது. நான் தருகிற தொகைகள் எல்லாம் ஏலத்தில் நான் கண்டவற்றை வைத்துச் சொல்லும் அளவு; இரண்டு பணக்காரர்கள் ஒரே நாளில் ஒரே காசுக்கு மோதிக்கொண்டால் எந்தக் கணிப்பும் நிற்காது. வாங்கும்போது ஏலம் முடிந்த தொகைக்கு மேல் நிறுவனத்தின் கமிஷன் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சேரும். விற்கப் போனால் கடைக்காரர் உங்களுக்குத் தருவது அவர் விற்கப்போகும் விலையில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலீடு என்று நினைத்து இறங்காதீர்கள்.

அசலா போலியா என்பதற்கு ஒரு சம்பவம். ஒருவர் பாட்ரிக் ஃபார்திங் ஒன்று கொண்டுவந்தார். எடை சரி, எழுத்து சரி, கறுப்பு அழகாகப் படிந்திருந்தது. விளிம்பில் கடிகாரத்தின் நாலு மணி இடத்தில் ஒரு சிறு விரிசல். படம் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து வேறு ஊரிலிருந்து, முதலாமவரைத் தெரியாத இன்னொருவர் ஒன்று அனுப்பினார். நாலு மணியில் அதே விரிசல், அதே வளைவு. ஒரே அச்சில் ஆயிரம் காசு அடிக்கலாம், அதனால் படமும் எழுத்தும் ஒத்துப்போவது இயல்பு. ஆனால் விரிசல் அச்சில் இல்லை. சம்மட்டி விழும்போது அந்தந்த வில்லை பிளப்பது. இரண்டு வில்லை ஒரே மாதிரிப் பிளக்காது. லென்ஸில் பார்த்தபோது இரண்டிலும் விரிசலின் அடிப்பகுதி மழுங்கி இருந்தது, எழுத்துகளின் பள்ளத்தில் ஊசி முனையளவு குழிகள். இரண்டுமே வார்ப்பு, அசல் எங்கோ வேறிடத்தில். முதலாமவரிடம் இதைச் சொல்ல நான்தான் போன் செய்தேன். அப்பா விட்டுப்போன காசு என்று வைத்திருந்தார்.

உங்கள் காசில் பார்க்க வேண்டியது இதுதான். சம்மட்டியடியில் பிறந்த காசின் வெள்ளி எழுத்தை நோக்கி நகர்ந்து நிறைந்திருக்கும். எழுத்தோரங்கள் கூர்மையாக, பள்ளங்கள் வழவழப்பாக இருக்கும். வார்ப்பில் ஓரம் சோப்பு கரைந்தது போல உருண்டிருக்கும், குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி வார்ப்பு அச்சைப் பொருத்திய தடமோ அதை அரம் போட்டு மறைத்த கீறலோ தெரியும். விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போலி செய்பவர்கள் முகத்துக்குக் கொடுக்கும் கவனத்தை விளிம்புக்குக் கொடுப்பதில்லை. நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்க்கும் முறையைச் சொல்வார்கள். நல்ல வெள்ளிக்கு 10க்குச் சற்று மேல் வரும். ஒரு கிராமுக்கும் குறைவான காசில் ஒட்டிக்கொள்ளும் ஒரு காற்றுக் குமிழியே கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் மில்லிகிராம் தராசு இல்லாமல் அதில் இறங்காதீர்கள். முதல் கட்டத்துக் காசுகள் பல ஸ்காண்டிநேவியப் புதையல்களில் கிடைத்தவை. அவற்றில் கத்தி முனையால் கொத்திய சிறு தழும்புகள் இருக்கும், அங்கத்து வியாபாரிகள் வெள்ளியைச் சோதித்த தடம் அது. சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். எனக்கு அந்தத் தழும்புகள் பிடிக்கும். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒருவர் இதே சந்தேகத்தோடு இதே காசைக் கையில் வைத்திருந்தார்.

தயவுசெய்து சுத்தம் செய்யாதீர்கள். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது கைப்பழக்கம். இந்தக் காசில் அதைச் செய்தால் ஆயிரம் வருடத்துக் கறுப்பும் அதோடு சேர்ந்து மேற்பரப்பும் போய்விடும், விலையில் பாதியும். இன்னொன்று, இவ்வளவு காலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளே படிகமாகி நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். வளைந்த காசை நிமிர்த்தப் பார்த்து இரண்டாக்கியவர்களை எனக்குத் தெரியும். விளிம்பைப் பிடித்து, கீழே ஒரு மெத்தென்ற துணி விரித்து, அதற்கு மேலே வைத்தே பாருங்கள்.

எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொன்னாலும், இனி வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் முதலில் கேட்க வேண்டியது அதுதான். நீங்கள் இருப்பது அயர்லாந்தில். அங்கே 1987 சட்டத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியோடு தொல்பொருள் தேடுவதே குற்றம். 1980இல் டெரினஃப்லானில் கிடைத்த பொக்கிஷம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1994இல் உரிமையாளர் தெரியாமல் கிடைக்கும் தொல்பொருள் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று சட்டமே வந்துவிட்டது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே 300 வருடத்துக்கு மேற்பட்ட வெள்ளிக்காசு ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; தனிக்காசு கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பொதுவாகத் தங்கும். அதனால் "போன வருடம் அயர்லாந்தின் மீத் மாவட்டத்து வயலில் கிடைத்தது" என்று யாராவது சொன்னால் காசை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பழைய சேகரிப்பு, பழைய ஏலம் என்று காகிதத்தில் தடம் உள்ள காசுக்குக் கூடுதலாக நூறு யூரோ கொடுக்கலாம். மரப்பெட்டித் தட்டில் காசுக்கு அடியில் வைக்கும் சிறு வட்டச் சீட்டுகளை, முந்திய சேகரிப்பாளர் மசியில் எழுதியவற்றை, தூக்கிப் போடாதீர்கள். ஒரு சீட்டில் இருந்த பெயரையும் வருடத்தையும் வைத்து அந்தக் காசு 1930களிலேயே விற்பனையில் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதுவே அது வயலிலிருந்து திருடியதல்ல என்பதற்கும், நேற்று வார்த்ததல்ல என்பதற்கும் சாட்சியானது.

இன்னும் சேர்க்கலாமா என்றால், சேருங்கள். ஆனால் அடுத்த காசு வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலின்ஸ் பாரக்ஸில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அயர்லாந்தின் ஆயிரம் வருட நாணயங்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. விலை கேட்காதீர்கள், அது அருங்காட்சியகத்தின் வேலை அல்ல. முதல் கட்டத்துச் சிட்ரிக் காசின் எழுத்தையும் உங்கள் காசின் கோடுகளையும் ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டால், நான் இத்தனை பத்தியில் சொன்னது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் இந்தக் காசுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். தினம் இருபது பார்த்தால் இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். அதன் பிறகு ஜானின் டப்ளின் அரைப் பென்னி ஒன்று, முதலாம் எட்வர்டின் முக்கோணப் பென்னி ஒன்று. இரண்டும் சேர்த்து உங்கள் முதல் காசின் விலைக்குள் வந்துவிடும், இரண்டிலும் வாசிக்க எழுத்து இருக்கும்.

அதற்கு முன், விற்றவரிடம் போய் ரசீதைத் திருத்தி எழுதி வாங்குங்கள்: "டப்ளின், ஹைபர்னோ-நோர்ஸ், மூன்றாம் கட்டம், 0.94 கிராம்" (ஹைபர்னோ-நோர்ஸ் என்பது அயர்லாந்தில் குடியேறிய வைக்கிங்குகளைக் குறிக்கும் சொல்), கூடவே அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரி. நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார். காசை விளிம்பில் நிறுத்தி, நாலு பக்கமும் திருப்பி, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். முகத்தின் படம் எனக்கு இப்போது வேண்டாம், விளிம்பு மட்டும் போதும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.